லாரி போயிருச்சு, தூசி எங்கே போச்சு?

மாட்டுத்தாவணியில பஸ் ஏறி மேலூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், அது கிரானைட் குவாரி ஏரியா. கல்லு ஏத்தின லாரி மண்ரோட்டுல போனா ஆள் உயரத்துக்குத் தூசி கிளம்பும். அது எங்க போய் உட்காருது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. தூசி 2 மீட்டர் உயரத்துல இருக்கு, காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்துல வீசுதுன்னு வச்சுக்கங்க. 50 மைக்ரான் கல்துகள், அதாவது கிட்டத்தட்ட தலைமுடி தடிமன், நொடிக்கு 20 சென்டிமீட்டர் இறங்கும். 10 நொடியில, 30 மீட்டர் தள்ளி தரையில. 10 மைக்ரான் துகள் நொடிக்கு 1 சென்டிமீட்டர்கூட இறங்காது, முக்கால் கிலோமீட்டர் போயிரும். 1 மைக்ரான்? ஆறு மணி நேரம், 60 கிலோமீட்டருக்கு மேல! நிஜத்துல காற்று சுழன்று தூக்கும், அழுத்தும். ஆனா வித்தியாசம் புரியுதுல்ல?

விழுறது மட்டும் கதை இல்ல. இலை மேல, சுவர் மேல அசையாத காற்று மெல்லிசா ஒரு படலமா ஒட்டியிருக்கும். ரொம்பப் பொடித் துகள், காற்று மூலக்கூறுகள் இடிச்சு இடிச்சு அதைத் தாண்டி ஒட்டிக்கும். பெருசு தன் எடையில விழும். 0.1-லிருந்து 1 மைக்ரான் வரைக்கும் இருக்கிறதுதான் ரெண்டுலயும் சேராம காற்றுலயே சுத்தும். நம்ம நுரையீரலுக்கும் ஆழமாப் போகும். கணினி மாதிரிகள் இதை மின்தடை மாதிரி எழுதுது: காற்றோட சுழிப்பு ஒரு தடை, அந்தப் படலம் இன்னொரு தடை, ரெண்டும் தொடர் இணைப்பு. பிளஸ் டூ இயற்பியலேதான்!

நம்ம ஊர் சுற்றுச்சூழல் அறிக்கைகள்ல அடிக்கடி வர்ற மாதிரி ஏர்மாட். அமெரிக்க அரசு முகமையோடது. அதுல தூசி படியுற கணக்கு ஒரு ஆப்ஷன்தான். போடலைன்னா எந்தத் துகளும் கீழ விழாது, எல்லாம் காற்றுலயே மிதக்கும். அப்போ காற்று மாசு கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டும். "பாதுகாப்பான கணக்கு"ன்னு சொல்லிக்கலாம். மூச்சு விடுறவங்களுக்கு அது நியாயம்தான். ஆனா ரோட்டோரம் நெல் போட்டவர், "என் வயல்ல எவ்வளவு தூசி விழும்?"னு கேட்டா அந்த அறிக்கையில பதிலே இருக்காது.

இதுல எனக்குக் கோபம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. 2009 தேசியக் காற்றுத் தர அட்டவணையில 12 மாசுகள். பிஎம் 10-க்கு 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். பிஎம் 2.5-க்கு 60. தரையில படியுற தூசி? பட்டியல்லயே இல்ல. பிஎம் 10 மட்டும் கணக்குப் போட்டா, 30 மீட்டருக்குள்ள இலையை வெள்ளையாக்குற அந்த 50 மைக்ரான் துகள் கணக்குக்குள்ளயே வராது.

2006 அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக்கேட்பு நடக்குற திட்டங்களுக்கு அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியிலயும் தரணும். அதை வாங்கிட்டுப் போய் மூணு கேள்வி கேளுங்க. எந்தெந்த அளவுத் துகளைப் போட்டீங்க? படியுற கணக்கு ஆன்ல இருந்துச்சா? ஒரு சதுர மீட்டர்ல மாசத்துக்கு எத்தனை கிராம் விழும்னு காட்டுற வரைபடம் எங்க?