‘ஜூட்டன்’ என்ற பெயர்

(தன்வரலாறு எழுதும் தோழர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இங்கு வந்துள்ள கைப்பிரதிகளின் முகப்பைப் பார்த்தேன். போராட்டம், நெருப்பு, விடியல் ஆகிய மூன்று சொற்களுள் ஒன்றாவது இல்லாத தலைப்பு அரிது. உள்ளே இருப்பதோ தடியடி, சிறை, ஊர்விலக்கம், பசி. படிப்பவரின் உறக்கத்தைக் கெடுக்கும் பக்கங்கள். அந்தப் பக்கங்களுக்கும் முகப்புக்கும் தொடர்பே இல்லை. தழும்பை மறைக்கப் போர்த்திய துண்டுபோலத் தலைப்பு கிடக்கிறது.

இந்தியில் 1997இல் வெளிவந்த ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாற்றை எடுத்துக்கொள்வோம். உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் பர்லா என்ற ஊரில், துப்புரவுப் பணி சுமத்தப்பட்ட சாதியில் 1950இல் பிறந்தவர். பின்னர் படைக்கலத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். ‘ஹரிஜன் முதல் தலித் வரை’ என்ற பொருளில் ராஜ்கிஷோர் தொகுத்த நூலுக்காக முதலில் சில பக்கங்களே எழுதினார். அவை ‘ஒரு தலித்தின் தன்வரலாறு’ என்னும் தலைப்பில் அச்சாயின. பிழையற்ற தலைப்புதான், ஆனால் எவருக்கும் பொருந்தும். முழு நூல் உருவானபோது, ‘ஹன்ஸ்’ இதழாசிரியர் ராஜேந்திர யாதவ் வேறொரு சொல்லைப் பரிந்துரைத்தார்: ‘ஜூட்டன்’. உண்டவர் இலையில் விட்டுச்செல்லும் எச்சில்.

அச்சொல் வால்மீகியின் இளமைக்காலத்து உணவு. திருமண விருந்துகளின் எச்சில் இலைகளிலிருந்து பூரித்துண்டுகளைச் சேகரித்து, கயிற்றுக் கட்டிலில் உலர்த்தி, காக்கையும் கோழியும் அண்டாமல் காத்து, மழைக்காலத்தில் மிளகாயும் உப்பும் இட்டு வேகவைத்து உண்டதை அவர் எழுதுகிறார். ஒரு நிலவுடைமையாளர் வீட்டுத் திருமணத்திற்குப் பெற்றோர் பல நாள் உழைத்திருந்தனர். பிள்ளைகளுக்கு நல்ல சோறு கேட்ட தாயிடம், எச்சில் நிறைந்த கூடையைச் சுட்டிக்காட்டி அவமதித்தார் அவ்வீட்டுக்காரர். தாய் கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார். அதன்பின் அந்த வாசலை மிதிக்கவில்லை.

எச்சில் இங்கே வெறும் இழிவின் குறியீடன்று. செய்த வேலைக்குக் கூலியாகத் தரப்பட்ட பொருள். ஓர் உற்பத்தி உறவு முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. மராத்தியில் தயா பவார் 1978இல் தம் நூலுக்கு ‘பலுதா’ என்று பெயரிட்டதும் இவ்வழியில்தான். கிராம ஊழியத்திற்கு ஈடாக அளக்கப்படும் தானியப் பங்கின் பெயர் அது. தமிழில் பாமாவின் ‘கருக்கு’ (1992) வேறுவகை: கூலியின் பெயரன்று, இருபுறமும் கிழிக்கும் பனைமட்டையின் விளிம்பு. அந்நூல் ஆங்கிலத்திற்குப் போனபோதும் தலைப்பு மாறவில்லை. ‘ஜூட்டன்’ என்பதும் அப்படியே நின்றது. இடுவதற்கு இணையான சொல் அங்கே இல்லை. நமக்கோ ‘எச்சில்’ என்றாலே போதும், விளக்கம் வேண்டியதில்லை. அவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது அந்த வாழ்க்கை.

ஒரு தோழர் கேட்டார்: காயத்தின் பெயரையே முகப்பில் இட்டால், வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயரோடுதானே அறியப்படுவோம்? நியாயமான கேள்வி. வால்மீகியையும் நண்பர் சிலர் எழுதவே வேண்டாமென எச்சரித்தனர். அந்தச் சுமையைத் தாங்குபவர் எழுத்தாளரே. ஆகவே முடிவும் அவருடையதே. யாதவ் பரிந்துரைத்தார், வால்மீகி ஏற்றார். ஏற்காதிருந்தால் அதே சொல், இன்னொருவர் அவர்மீது எறிந்த வசையாகவே இருந்திருக்கும். பதிப்பாளரோ, கட்சிக் குழுவோ, நானோ இவ்வகைத் தலைப்பை எவர்மீதும் சுமத்தலாகாது. வதைக்கு உள்ளான பெண் தோழர்களின் நூல்களில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். விற்பனைக்காக அவர்கள் காயத்தை முகப்பில் பெரிதாக்கும் பதிப்பாளர்கள் நம் நட்பு வட்டத்திலும் உண்டு.

பிற்பகல் அமர்வில் கைப்பிரதிகளைத் தலைப்பின்றி வாசிப்போம். வாசிக்கும்போது உங்கள் ஊர்ச் சொல், கூலியின் பெயர், சிறைக்கூடத்தில் வழங்கிய சொல் எதுவேனும் மீண்டும் மீண்டும் வந்தால் ஓரத்தில் குறித்து வையுங்கள்.