ஊசித் தழும்பு சிவந்தால்

ரத்தக்குழாய் அழற்சியில் வகைகள் பல. நான் குழந்தை மருத்துவர் என்பதால் காவசாகி நோயைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வருவது இது. ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு காவசாகி 1961இல் 4 வயதுச் சிறுவன் ஒருவனிடம் முதலில் கவனித்தார். 1967இல் 50 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார்.

5 நாளாக விடாத காய்ச்சல், பீளை தள்ளாமலே சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பெல்லாம் தடிப்பு, வீங்கிய கைகால், கழுத்தில் நெறிகட்டு. எல்லாம் சேர்ந்து வந்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். கைக்குழந்தைகளிடம் பல நேரம் அப்படி வருவதில்லை. இரண்டு அடையாளம் தெரியும், மூன்றாவதைத் தேட வேண்டும். இன்று வந்த தடிப்பு நாளைக்கு இருக்காது. இதயத் தமனி வீங்கும் ஆபத்தோ இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குத்தான் அதிகம்.

ஒருமுறை 7 மாதக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் அன்று ஆறாம் நாள். ஆன்டிபயாடிக் கொடுத்தும் இறங்கவில்லை. தொட்டாலே வீறிட்டு அழுதது. கண்ணிலும் உதட்டிலும் லேசான சிவப்பு, அவ்வளவுதான். சட்டையைக் கழற்றச் சொன்னேன். "டாக்டரம்மா, ஊசி போட்ட இடம் முந்தாநாள்லேருந்து இப்படி இருக்கு. கொசு கடிச்சிருக்கும்னு விட்டுட்டோம்" என்றார் பாட்டி. இடது தோளில், பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பைச் சுற்றிச் செக்கச் சிவந்து தடித்திருந்தது. அன்றே எக்கோ எடுத்தோம். இதயத் தமனி சற்று விரியத் தொடங்கியிருந்தது. மருந்து ஏற்றிய மறுநாள் காய்ச்சல் விட்டது; இரண்டு மாதத்தில் தமனியும் பழைய அளவுக்கு வந்தது.

அந்தத் தழும்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆறாது. அமெரிக்காவில் எல்லாக் குழந்தைக்கும் பிசிஜி போடுவதில்லை. அங்குள்ள மருத்துவருக்கு இந்தத் தடயம் கிடைப்பது அரிது. நமக்கும் ஜப்பானியருக்கும் கிடைக்கிறது. மாதக்கணக்கில் ஆறிக் கிடந்த இடம் காய்ச்சலோடு மறுபடி சிவப்பது வேறு நோய்களில் அபூர்வம். ஆனால், தாய்மார்களே, சிவக்கவில்லை என்பதால் காவசாகி இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

காய்ச்சல் கண்ட 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றிவிட்டால், நாலில் ஒரு குழந்தைக்கு வரக்கூடிய தமனி வீக்கம் ஏறத்தாழ இருபதில் ஒன்றாகக் குறைகிறது. கூடவே ஆஸ்பிரினும் கொடுப்போம். அதை வீட்டில் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

நேரமாகிவிட்டது. காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டால், கண், உதட்டோடு குழந்தையின் இடது தோளையும் மருத்துவரிடம் காட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.