சிறைக்குள் ஒரு எக்ஸ்ரே
(பழைய மாணவர் கூடலில் ஆற்றிய உரை)

காசநோய் காற்றில் பரவும். நெரிசலான சிறை அதற்குத் தோதான இடம். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்பு எக்ஸ்ரேயைக் கணினியே படிக்கலாம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024 டிசம்பர் 7-இல் நம் நாட்டில் தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்தில் சிறைவாசிகளும் சேர்க்கப்பட்டார்கள்.

கணினி சந்தேகத்தை மட்டுமே சொல்லும். சளிப் பரிசோதனைதான் உறுதி செய்யும். கணினியில் டிசைன் போட்டாலும், அறுந்த இழையை முடிவது நம்ம ஊர் நெசவாளர் கைதானே?

இருமல் நிற்கலைன்னா நாம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். கைதி போக முடியுமா? பாதி மருந்தோடு விடுதலையானால் என்ன ஆகும்? அவர் விவரத்தை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சேர்க்கும் வேலையைப் பொறியாளர்கள் செய்யலாம்.