பைக்காரா சாலையில் இரண்டு மிதிவண்டிகள்



நீலகிரி என்றதும் கொண்டை ஊசி வளைவுகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கல்லட்டிச் சாலையில் மட்டும் அப்படி 36 வளைவுகள். ஆனால் உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பைக்காரா வரை சென்றால், மலை வேறு முகம் காட்டும். ஒரு மேடு, ஒரு சரிவு, உடனே அடுத்த மேடு என்று ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்குச் சாலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நெடும்பயணத்துக்குத் தயாராகும் மிதிவண்டிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

தை மாதக் காலை ஒன்றில், கோவையிலிருந்து பயிற்சிக்காக வந்திருந்த நண்பரும் நானும் உதகையிலிருந்து கிளம்பினோம். அவர் சமவெளியில் வேகமாக ஓட்டிப் பழகியவர். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். சமவெளியில் எளிதாக இருக்கும் வேகம் இங்கே மூச்சிரைக்க வைத்துவிடும். அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். "பேச்சு நின்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம், உடனே குறைச்சுக்கணும்" என்றார் நண்பர். அன்று முழுவதும் எங்களுக்கு அதுதான் அளவுகோல்.

வழியிலுள்ள தலைக்குந்தாவை அடைந்தபோது புல்வெளி முழுக்க உறைபனி. பனிக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் குளிர்காற்று தேங்கி நிற்கும். விடியலில் புல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். இறக்கத்தில் விரல்கள் விறைத்துப்போனால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது. கையுறை இங்கே கட்டாயம்.

தலைக்குந்தாவைத் தாண்டிய பிறகுதான் உண்மையான பாடம். நெடிய ஒற்றை ஏற்றத்தில் கால்கள் ஒரே சீரில் உழைத்தால் போதும். இங்கே அப்படியில்லை. சரிவில் கிடைத்த வேகம் அடுத்த மேட்டின் பாதிவரை நம்மைத் தூக்கிச் செல்லும். அந்த வேகம் தீருவதற்குள் கியரைக் குறைத்துவிட வேண்டும். மேட்டின் நடுவில், பெடல் கனத்த பிறகு மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும். கால் தசையும் வீணாகக் களைக்கும். மேடு ஏறியதும் உடனே ஓய்ந்துவிடாமல், உச்சி தாண்டும்வரை மிதிக்க வேண்டும். நண்பர் முதல் சில மேடுகளில் எழுந்து நின்று மிதித்தார். பிறகு இருக்கையில் அமர்ந்தபடியே, லேசான கியரில் ஒரே தாளத்தில் ஏறத் தொடங்கினார். பேச்சும் திரும்ப வந்தது.

ஒன்பதாவது மைல் என்னும் இடத்தை நெருங்கும்போது இருபுறமும் பசும்புல் குன்றுகள். குன்றுகளின் மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலைக்காடுகள். புல்வெளியும் சோலையும் மழைநீரை வாங்கிவைத்து, கோடையிலும் மெதுவாக ஓடைகளுக்கு விடுகின்றன. தோடர் பழங்குடியினரின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த நிலம் இது. பிற்காலத்தில் நடப்பட்ட சீகையும் தைலமரமும் புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. காரில் போனால் எல்லாமே ஒரே பச்சை. மிதிவண்டியின் வேகத்தில் எது சோலை, எது தோப்பு என்று பிரித்தறியக் கண்ணுக்கு நேரம் கிடைக்கிறது. இந்த நிலத்தைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இந்தச் சாலையில்தான் வேரூன்றியது.

முக்கூர்த்திப் பக்கம் பிறக்கும் பைக்காரா ஆறு இந்தப் புல்வெளியும் சோலையும் விடும் நீரால் வளர்கிறது. கீழே மோயாறாகி, பவானியில் கலக்கிறது. 1932 முதல் இந்த நீர் மின்சாரமும் தருகிறது. நாங்கள் மிதித்து ஏறிய குன்றுகளிலிருந்துதான் சமவெளியின் வயல்களுக்கும் விளக்குகளுக்கும் தண்ணீர் போகிறது.

பைக்காரா உதகையைவிடத் தாழ்வானது. திரும்பும்போது ஏற்றமே மிகுதி. ஆகவே போகும்போதே பலத்தை மிச்சம் பிடியுங்கள். தண்ணீரைச் சொந்த பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். மூடுபனிக்குப் பின்விளக்கு வேண்டும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடியுங்கள், ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள். கூடவே, உங்கள் மூச்சின் அளவறிந்து உடன் வரும் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் அடுத்தடுத்து வரும் மேடுகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை.