முஹன்னத்: நம் மண்ணின் உருக்கு

(மதரஸா ஆண்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

நான் ஓதிய காலத்தில், கஃப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் பாடிய கவிதையை எங்கள் உஸ்தாது நடத்தினார்கள். அதில் ‘முஹன்னத்’ என்ற சொல் வந்தது. இந்திய இரும்பில் செய்த வாள் என்று பொருள் கூறி, அடுத்த அடிக்குச் சென்றார்கள். அந்த இரும்பு எந்த ஊரில் உருகியது என்று கேட்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இரும்பு உலைகள் வெளிப்பட்டன. தமிழகம், கர்நாடகம், தெலங்கானா, இலங்கை ஆகிய பகுதிகளில் வடிக்கப்பட்ட உருக்கு, கப்பலேறி அரபு நாடுகளுக்கும் பாரசீகத்துக்கும் சென்றது. அங்குள்ள கொல்லர்கள் அதை வாளாக அடித்தனர். 9ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஸரந்தீப் இரும்பையும் அதில் குறிப்பிட்டார். நீரலை போன்ற வரிகளுடன் டமாஸ்கஸ் வாள் எனப் புகழ்பெற்றது இவ்வகை உருக்கில் பிறந்ததே.

அதைச் செய்த முறையை எழுதிவைத்தவர்களுள் ஒருவர், நமக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை நிறுவிய ஆங்கிலேயர் ஜோசையா மார்ஷல் ஹீத். இரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, அவற்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஆவாரங்குச்சியைச் சேர்ப்பார்கள். மேலே எருக்கிலையை மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். குச்சியின் கரி இரும்பில் கலந்து உருக்காகும்.

அக்குறிப்பில் ஆவாரையின் பெயர் இருக்கிறது. எருக்கின் பெயர் இருக்கிறது. துருத்தி ஊதியவரின் பெயர் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் காடுகள் சுருங்கின, இங்கிலாந்தின் மலிவான எஃகு வந்திறங்கியது, உலைகள் அணைந்தன. எந்த மண், எவ்வளவு சூடு, எப்போது ஆறவிடுவது என்ற கைப்பக்குவத்தை அத்தொழிலாளிகள் ஏட்டில் எழுதிவைக்கவில்லை. அவர்களிடம் கேட்டு முழுமையாக எழுதியவரும் இல்லை.

சூடான் நாட்டில் ‘கஸ்காரா’ எனும் நேரான வாள் உண்டு. முன்னர் அதன் அலகுகள் பல ஐரோப்பாவிலிருந்து வந்தன. 20ஆம் நூற்றாண்டில் காஸலா நகரக் கொல்லர்கள் பழைய லாரிகளின் வில்பட்டையை அடித்தே அவ்வாளைச் செய்தார்கள். இரும்பு மாறியும் அங்கே கைப்பழக்கம் அறவில்லை.

பெரியோர்களே! பெண் பார்க்கச் செல்லுமிடத்தில், மாப்பிள்ளை பட்டறையில் வேலை செய்கிறார் என்று சொல்ல நாம் தயங்குகிறோம். தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் போர்க்கவசம் செய்த நபி என்பதை மறந்துவிடுகிறோம். நம் ஜமாஅத்திலும் வெல்டிங், கடைசல், தச்சு, தையல் அறிந்தோர் உள்ளனர். மாணவர்களே, இந்த விடுமுறையில் உங்கள் வாப்பாவின் அருகில் அமருங்கள். அவர் தொழிலைக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள்.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.