எந்த ஏரியா தம்பி?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "உங்க துறையைப் பத்தி மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். நான் ஆலைகளில் குழாய்ப் பாதைகளையும் சேமிப்புத் தொட்டிகளையும் சோதனை செய்கிறவன். துருவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் நீங்கள் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஒரு பாட்டுக் கச்சேரியைப் பற்றிப் பேசுகிறேன். பயன் இருக்கிறதா என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக் கொள்ள வேண்டும். நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் இந்த விடுதியில் இருந்த நான்கு ஆண்டுகளில், "சென்னையில எந்த ஏரியா?" என்று யார் கேட்டாலும், "பாரிஸ் பக்கம்" என்பேன். வளாகத் தேர்வு நேர்காணலிலும் அப்படித்தான் சொன்னேன். திருவொற்றியூர், எண்ணூர் என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும். கண்டெய்னர் லாரி, ஆலைப் புகை, சினிமாவில் வரும் ரவுடி எல்லாம் அந்த ஒரு நொடியில் அவர் கண்ணில் ஓடும். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் அப்பா துறைமுகத்தில் ஃபிட்டர். அதையும் நான் அதிகம் சொன்னதில்லை.

பள்ளியில் படிக்கும்போது பர்மா பஜாரில் வாங்கிய ஒரு எம்பி3 சிடியில்தான் அயன் மெய்டன் என்ற இசைக்குழுவை முதலில் கேட்டேன். 1975-ல் கிழக்கு லண்டனில் தொடங்கிய ராக் குழு. குழுவை ஆரம்பித்தவர் ஸ்டீவ் ஹாரிஸ். பாஸ் கிதார் வாசிப்பவர், பாட்டுகளில் பெரும்பகுதி அவர் எழுதியவை. இசைக்கு வருமுன் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். நம்ம ஜாதி! ஒரு நீளம், இரண்டு குட்டை என்று குதிரை ஓட்டம் போல அவர் விரல் ஓடும். மேலே மூன்று கிதார்கள். நாதஸ்வர இரட்டையர் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து வாசிப்பார்கள் அல்லவா, இவர்கள் சில ஸ்வரம் தள்ளி நின்று இணையாகப் போவார்கள். வீட்டில் இதை ஓடவிட்டால் அப்பா, "என்னடா இது, ஒர்க் ஷாப்புல ரிவெட் அடிக்கிற மாதிரி இருக்கு" என்பார். ஆனால் நிறுத்தச் சொன்னதில்லை.

2007 மார்ச்சில் அவர்கள் முதல் முறையாக பெங்களூர் வந்தார்கள். கையில் காசில்லை. 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் வாசித்தார்கள். அதற்கும் போக வழியில்லை. 2009 பிப்ரவரி 15 ஞாயிற்றுக்கிழமை மறுபடி பெங்களூர் என்று தெரிந்ததும் அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அவங்களுக்கு என்ன வயசு?" என்றார்.

"ஐம்பதுக்கு மேலப்பா."

"என் வயசுக்காரங்களா? சரி, போய்ப் பாரு. இந்த வயசுல எப்படி வேலை செய்றாங்கன்னு வந்து சொல்லு." ஓவர்டைம் பணத்தில் எடுத்துக் கொடுத்தார்.

விடுதியில் என் அறைத்தோழன் கோயம்புத்தூர்க்காரன். இருவரும் சனிக்கிழமை இரவு சென்ட்ரலில் ரயில் ஏறினோம். பேலஸ் மைதானத்தில் மதியத்திலிருந்தே கூட்டம், புழுதி. இருட்டியதும் சர்ச்சிலின் பழைய பேச்சு ஒலிபெருக்கியில் கேட்டது. அது முடிந்த நொடியில் மேடை வெடித்தது. பாடகர் ப்ரூஸ் டிக்கின்சனுக்கு அப்போது ஐம்பது வயது. விமானி உரிமம் வைத்திருப்பவர். அந்தச் சுற்றுப்பயணத்தில் குழுவையும் கருவிகளையும் ஏற்றிய போயிங் 757 விமானத்துக்கு அவரே கேப்டன். விமானம் ஓட்டுகிற மனிதர், மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே பாடுகிறார்! டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்னுக்கு ஐம்பத்தாறு. ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஒருவர்கூடத் தளரவில்லை.

நடுவில் ஒரு நீண்ட பாட்டு வந்தது. கோல்ரிட்ஜ் எழுதிய கிழ மாலுமியின் கதை. 1984-ல் ஸ்டீவ் ஹாரிஸ் அதை 13 நிமிடத்துக்கும் மேற்பட்ட பாட்டாக ஆக்கினார். மாலுமி ஒருவன் காரணமே இல்லாமல் ஒரு கடல் பறவையைக் கொல்கிறான். காற்று நின்று போகிறது. கப்பல் நகராமல் கிடக்க, கடல் நடுவே எல்லோரும் தாகத்தில் தவிக்கிறார்கள். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு விடியும்வரை நின்ற தெரு எங்களுடையது. எனக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாட்டின் பாதியில் இசை அடங்கி, மரக்கப்பல் முனகும் சத்தம் மட்டும் கேட்கும். இத்தனை ஆயிரம் பேர் நிற்கும் மைதானம் மூச்சடக்கி நின்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். காசிமேட்டில் இரவில் கட்டிப் போட்ட படகுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அது. சின்ன வயதில் அப்பாவோடு மீன் வாங்கப் போகும்போது கேட்டது. எந்த ஊரை மறைத்தேனோ, அந்த ஊர் பெங்களூரில் என் காதுக்குள் வந்து நின்றது.

திரும்பி வரும்போது நள்ளிரவு பஸ். அறைத்தோழன் கால்பந்துப் பைத்தியம். "ஸ்டீவ் ஹாரிஸ் கிதார்ல ஒரு சின்னம் இருந்துச்சே, பார்த்தியா? வெஸ்ட் ஹாம் கிளப்போட சின்னம். 1895-ல் தேம்ஸ் நதிக்கரையில ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளிங்க ஆரம்பிச்ச டீம்தான் அப்புறம் வெஸ்ட் ஹாம் ஆச்சு. அந்த ரெண்டு சுத்தியலும் ரிவெட் அடிக்கிற சுத்தியல்" என்றான்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. உலகம் முழுக்கச் சுற்றுகிற மனிதர், தான் பிறந்த பேட்டையின் அடையாளத்தை நெஞ்சுக்கு நேராக மாட்டிக்கொண்டு நிற்கிறார். பிறகு மெதுவாகச் சொன்னேன்: "டேய், என் வீடு பாரிஸ் பக்கம் இல்ல. திருவொற்றியூர். எங்கப்பா ஹார்பர்ல ஃபிட்டர்."

அவன் சிரித்தான். "தெரியும்டா. உன் டிரங்குப் பெட்டியில அட்ரஸ் எழுதியிருக்கே. நாலு வருஷமா பார்த்துட்டுத்தான் இருக்கேன். நீயா சொல்லுவேன்னு விட்டுட்டேன்."

நண்பர்களே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். மீனவர்கள் கையாலேயே எண்ணெயை அள்ளினார்கள். கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் அப்பி, பறக்க முடியாமல் இருந்ததை நேரில் பார்த்தேன். அந்தக் கிழ மாலுமியும் பறவையும் நினைவுக்கு வந்தார்கள். அவனுக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? காலமெல்லாம் தன் கதையைப் போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்த ஆலைக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும், முதல் வாக்கியமாக, "நான் திருவொற்றியூர்க்காரன். இந்தக் குழாய் ஒழுகினால் எங்க வீட்டுக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் அறிக்கையைப் பிரிக்கிறேன். சிலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அறிக்கையைக் கவனமாகப் படிக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, உங்களிலும் பாரிஸ் பக்கத்துக்காரர்கள் சிலர் இருப்பீர்கள். உங்கள் டிரங்குப் பெட்டியை யாரோ ஏற்கெனவே படித்திருப்பார்கள். நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

2024 டிசம்பரில் நிக்கோ மெக்பிரெய்ன் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார். 2025-ல் குழு தன் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடப் புறப்பட்டது. ஸ்டீவ் ஹாரிஸ் இன்னும் வாசிக்கிறார்.

அன்று வீடு திரும்பியதும் அப்பா கேட்டார், "எப்படிடா வேலை செஞ்சாங்க?"

"ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடினாங்கப்பா. ஒருத்தர்கூட உட்காரல."

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ஷிஃப்டுன்னா அப்படித்தான்." சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.