சட்டமன்றம் பெரிதா? ஆளுநர் ஒப்பம் பெரிதா?

(சோளிங்கரில் ஆற்றப்பெற்ற உரையின் சுருக்கம்)



சோளிங்கர்ப் பெரிய மலைக்கு 1,300-க்கு மேற்பட்ட படிகள் உள. வேர்த்து விறுவிறுத்து உச்சியடைந்தவன் முன் கதவைச் சாத்தி, திறக்கும் நாளும் சொல்லாமல், ஒருவன் திறவுகோலை மடியிற் செருகிக்கொண்டால் ஊர் பொறுக்குமா? தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பிய பத்துச் சட்ட முன்வரைவுகளுக்கு நேர்ந்தது அதுவே.

அவற்றுள் முதலாவது 2020 சனவரியில் நிறைவேறியது. பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் பற்றியன. துணைவேந்தரை அமர்த்தும் உரிமை எவர்க்கு என்பதே அவற்றுட் பலவற்றின் உட்பொருள். இருவேறு கட்சி ஆட்சிகளின் வரைவுகள் அவற்றுள் இருந்தமையின், இது கட்சிப் பூசலன்று. மக்கள் மன்றத்தின் மானம் பற்றியது.

2023 அக்தோபர் இறுதியில் தமிழ்நாட்டரசு உச்ச நயன்மன்றத்தில் வழக்கிட்டது. நவம்பர் 10-இல் அம்மன்றம் கவலை தெரிவித்தது. 13-இல், அந்நாள் ஆளுநர் ஆர்.என்.இரவி பத்தையும் ஒப்பமின்றித் திருப்பினார். 18-இல் சட்டமன்றம் சிறப்பாகக் கூடிப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. அரசியலமைப்பின் 200-ஆம் பிரிவின்படி, மீண்டும் நிறைவேறிய வரைவுக்கு ஆளுநர் ஒப்பம் மறுத்தலாகாது. அவரோ 28-இல் அனைத்தையும் குடியரசுத் தலைவர்க்கென ஒதுக்கினார்.

2025 ஏப்பிரல் 8-இல் நடுவர்கள் பார்திவாலா, மகாதேவன் ஆகிய இருவரும் அவ்வொதுக்கீடு முறையன்று எனத் தீர்த்தனர். பத்துக்கும் ஒப்பம் கிடைத்ததாகவே கொள்க என்றனர். ஆளுநர்க்குக் கால எல்லையும் வகுத்தனர். தமிழ்நாடு மகிழ்ந்தது.

ஆயின், குடியரசுத் தலைவர் விடுத்த வினாக்களுக்கு விடையாக, நவம்பர் 20-இல் ஐந்து நடுவர் அமர்ந்த மன்றம் வேறு கருத்துரைத்தது. கால எல்லையை நயன்மன்றம் விதித்தலாகாது. ஒப்பம் கிடைத்ததாகக் கொள்ளுதலும் ஆகாது என்றது. எனினும், வரைவைத் திருப்பாமலே அடக்கி வைக்க ஆளுநர்க்கு உரிமையில்லை. காரணமின்றி நெடிது காலந்தாழ்த்தின் முடிவெடுக்குமாறு மட்டும் மன்றம் பணிக்கலாம் என்றது.

இதனாற் பெறும் பாடம் யாது? நயன்மன்றம் கதவைத் தட்டும். திறவுகோலைக் கைமாற்றித் தராது. 200-ஆம் பிரிவில் 'கூடிய விரைவில்' என்று உள்ளது. எத்தனை நாள் என்று இல்லை. அந்த வெற்றிடத்திலேதான் கோடிக்கணக்கானோர் இட்ட வாக்கு ஆண்டுக்கணக்கில் முடங்கியது. அங்கே ஓர் எண் எழுதப்பெறல் வேண்டும். அதனை எழுதும் உரிமை அரசியலமைப்பைத் திருத்தும் நாடாளுமன்றத்துக்கே உண்டு.

ஆதலின் தமிழ்ப் பெருமக்களே! வாக்குக் கேட்டு வருவாரிடம் இவ்வொன்றைக் கேளுங்கள்: "அந்த எண்ணை எழுதுவிப்பீரா?" விடையிறுப்பாரைத் தெரிந்து அனுப்புங்கள். படியேறியவன் வாயிலிலே காத்துக் கிடக்கும் இழிவு அன்றே ஒழியும்!